ஒற்றைக் கரத்தால் பந்து எறிந்தவர்

அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்பும் விளையாட்டு பேஸ்பால். நம் பள்ளித் திடலில் ஆடப்படும் ரவுண்டர்ஸ் ஆட்டத்திற்கு அது நெருங்கிய உறவு எனலாம். அதில் பந்து எறிபவரே நடுநாயகம். 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து மட்டையாளரை நோக்கி அவர் பந்தை எறிகின்றார். அடிபட்ட பந்து அடுத்த கணமே அவரிடம் சீறி வரக்கூடும். எனவே எறிவதற்கு ஒரு கை, தோல் கையுறை அணிந்து பிடிப்பதற்கு மறு கை என இரண்டும் வேண்டும். வலக் கையே இல்லாதவர் என் செய்வார்?

1967இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்த ஜிம் ஏபட் அத்தகையவர். அவருடைய வலக்கரம் மணிக்கட்டளவில் முடிந்திருந்தது. சிறுவயதில் செங்கற் சுவரில் பந்தை எறிந்து, திரும்பி வருவதைப் பிடித்துப் பிடித்துப் பழகினார். அவர் கையாண்ட முறையை நாம் சற்று ஊன்றிக் கவனிப்போம். கையுறையை வலக்கரத்தின் முனையில் தாங்கிக்கொண்டு இடக்கையால் எறிவார். எறிந்தவுடன் அதே இடக்கையைக் கையுறைக்குள் நுழைத்துக் கொள்வார். பந்தைப் பிடித்துவிட்டால், கையுறையை வலக்கரத்தால் மார்போடு அணைத்து, இடக்கையை உருவிப் பந்தை எடுத்து எறிவார். இத்தனையும் கண்ணிமைப்பொழுதில் நடந்து முடியும்! எதிரணியினர் பந்தை மெல்லத் தட்டிவிட்டு அவரைச் சோதித்ததும் உண்டு.

1985இல் டொரொண்டோ அணி அவரைத் தெரிவு செய்தது. அவரோ அதில் சேராமல் மிச்சிகன் பல்கலைக்கழகம் புகுந்தார். அம்முடிவு நன்முடிவே என்பது நம் எண்ணம். அங்குதான் அவர் திறன் முதிர்ந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பேஸ்பால் காட்சி ஆட்டமாக இடம்பெற்றபோது, இறுதியாட்டத்தில் ஜப்பானை 5-3 என வென்ற அமெரிக்க அணிக்குப் பந்து எறிந்தவர் அவரே.

கல்லூரி முடித்து வருவோர் சிற்றணிகளில் சில ஆண்டுகள் ஆடிய பின்னரே பேரணிக்கு உயர்வது வழக்கம். 1989இல் ஏபட் அப்படிகளை ஏறாமலே கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியில் இடம்பெற்றார். 1991இல் 18 வெற்றிகள் பெற்றார். பின்னர் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு மாறினார். 1993 செப்டம்பர் 4ஆம் நாள் கிளீவ்லாந்து அணியை எதிர்கொண்டார். ஆறு நாள்களுக்கு முன்னர் அவ்வணியே அவர் பந்துகளை அடித்து நொறுக்கியிருந்தது. அன்றோ, பந்தை நேர்த்தியாக அடித்து முதல் நிலையைச் சேர்ந்தவர் அவ்வணியில் ஒருவருமிலர். யாங்கீஸ் 4-0 என வென்றது.

உயர்வு நிலைக்கவில்லை. மீண்டும் ஏஞ்சல்ஸ் அணியில் ஆடிய 1996இல் 2 வெற்றி, 18 தோல்வி. அடுத்த ஆண்டு அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆயினும் 1998இல், முப்பது வயதில், முன்பு ஏறாது விட்ட சிற்றணிப் படிகளைக் கீழிருந்து ஒவ்வொன்றாக ஏறினார். இளைஞரோடு இளைஞராக ஆடி, அவ்வாண்டு இறுதியில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்கு வந்து, ஐந்து ஆட்டங்களில் ஐந்திலும் வெற்றி கண்டார்.

1999இல் மில்வாக்கி அணியோடு அவர் ஆட்ட வாழ்வு நிறைவுற்றது. மொத்தம் 87 வெற்றிகள், 108 தோல்விகள். அவ்விறுதியாண்டில் மட்டை பிடிக்கும் முறையும் அவருக்கு வாய்த்தது. இருமுறை பந்தை அடித்து முதல் நிலையை ஓடிச் சேர்ந்தார்.