இரட்டைத் தட்டில் ஒன்று பழுதானால்

பாவில் ஓரிழை அறுந்தால் நெசவாளர் உடனே முடிச்சுப் போடுவதில்லை. அறுந்தது எதுவென்று கண்டறிந்த பின்னரே கை வைக்கிறார். சங்கத்துக் கணிப்பொறிக்கும் இவ்விதி பொருந்தும்.

பங்குத்தொகை, நூல் இருப்பு, பயிர்க்கடன் நிலுவை ஆகியவற்றைச் சங்க அலுவலகத்திலேயே லினக்ஸ் கணிப்பொறியில் எழுதிவைப்போர்க்கு இப்பாடம் பயன்படும். ஒரே கணக்கை இரண்டு வன்தட்டுகளில் ஒருங்கே எழுதும் ஏற்பாடு அதில் உண்டு. 1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பாட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் என்னும் மூவர் வகைப்படுத்திய ரெய்டு முறைகளுள் முதலாவது இதுவே. ஒரு தட்டு கெட்டாலும் வேலை தடைப்படாது. தடைப்படாததாலேயே பழுது எவர் கண்ணிலும் படாமற்போவதும் உண்டு.

முதலாவது, ‘எம்.டி.ஸ்டாட்’ என்னும் கோப்பை வாரந்தோறும் பார்க்கவேண்டும். இரண்டு ‘யு’ எழுத்துகள் இருந்தால் நலம். ஒன்றின் இடத்தில் கீழ்க்கோடு இருந்தால் ஒரு தட்டு விலகிவிட்டது என்று பொருள்.

இரண்டாவது, வேறெதுவும் செய்யுமுன் கணக்குகளை வெளித்தட்டு ஒன்றில் பிரதி எடுக்கவேண்டும். எஞ்சியிருப்பது ஒரே தட்டு, அதுவும் பழையதே.

மூன்றாவது, பழுதான தட்டின் வரிசை எண்ணைக் கணிப்பொறியில் அறிந்து, தட்டின்மேல் ஒட்டியுள்ள சீட்டுடன் ஒப்பிடவேண்டும். அவசரத்தில் நல்ல தட்டைக் கழற்றினால் நஷ்டம் பெரிது.

நான்காவது, ‘எம்.டி.ஏ.டி.எம்.’ என்னும் ஆணையால் அத்தட்டைப் பழுதென்று குறித்துத் தொகுதியிலிருந்து நீக்கி, மின்சாரத்தை நிறுத்தி, புதியதைப் பொருத்தவேண்டும். புதியது பழையதைவிடச் சிறிதளவும் கொள்ளளவில் குறையலாகாது.

ஐந்தாவது, நல்ல தட்டின் பகுதிப் பிரிவினையைப் புதியதற்குப் படியெடுத்து, அதே ஆணையால் தொகுதியில் சேர்க்கவேண்டும். திசை மாறினால் நல்ல தட்டின் பிரிவினை அழியும். மறுபதிவு பல மணி நேரம் நடக்கும். எத்தனை விழுக்காடு முடிந்ததென்பதை முன்சொன்ன கோப்பே காட்டும். கணிப்பொறி இத்தட்டுகளிலிருந்தே தொடங்குவதாயின், தொடக்க நிரலையும் புதியதில் நிறுவவேண்டும்.

இரட்டைத் தட்டு இருப்பதாலேயே கணக்குக்கு முழுப் பாதுகாப்பு வந்துவிடாது. தவறுதலாய் அழித்த பதிவு இரண்டிலும் அழியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி வீடுகளிலும் கடைகளிலும் புகுந்ததை நாம் மறக்கவில்லை. ஒரே பெட்டியிலுள்ள இரு தட்டுகளும் ஒரே வெள்ளத்தில்தான் மூழ்கும். ஆகவே வாரம் ஒரு பிரதி எடுத்து மேட்டுப்பாங்கான வேறிடத்தில் வைப்பது காரியதரிசியின் கடமை. வைத்தாயிற்றா என்று பேரவையில் கேட்பது அங்கத்தினரின் உரிமை.