பம்பரோடு பம்பர் வேண்டாம்: ஜிஎஸ்டி ரோட்டில் கார் ஓட்டுகிறவர்களுக்கு

பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரை தினமும் கார் எடுக்கிறவர்கள் பின்னால் இடி வாங்கிய வண்டியைப் பார்க்காத வாரம் குறைவு. அநேகமாக எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: முன் வண்டி நின்றுவிட்டது, பின் வண்டிக்கு நிற்க இடமில்லை.

1. முன்னால் போகும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் “ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று” என்று நிதானமாக எண்ணுங்கள். முடிப்பதற்குள் அதே கம்பத்துக்கு நீங்கள் வந்துவிட்டால் ரொம்ப நெருங்கிப் போகிறீர்கள். மழை நாளில் ஆறு வரை எண்ணுங்கள்.

2. மூன்று விநாடி ஏன்? 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் விநாடிக்கு 17 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் 25 மீட்டர் போயிருக்கும். பிரேக் பிடித்த பிறகு, நல்ல டயரும் காய்ந்த ரோடும் இருந்தால் இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45 மீட்டர், அதாவது ஏறக்குறைய நான்கு மாநகரப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தும் நீளம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இது 60 மீட்டரைத் தொடும். ஏபிஎஸ் இருந்தாலும் கால் போய்ச் சேரும் நேரம் குறையாது.

3. “இடைவெளி விட்டா பைக்காரன் புகுந்துடுவான்” என்பார்கள். புகட்டும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் இடைவெளி திரும்பக் கிடைக்கும். தாம்பரத்திலிருந்து வண்டலூர் போவதற்குள் பத்துப் பேர் புகுந்தாலும் நமக்கு அரை நிமிஷம்தான் போகும்.

4. அதிகம் பயப்பட வேண்டிய இடம் நெரிசலின் வால். பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகும் சாயங்காலங்களில் பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம் பக்கம் வரிசை எங்கே தொடங்கும் என்று சொல்ல முடியாது. பல்லாவரம், வண்டலூர் மேம்பாலங்களில் ஏறும்போது அந்தப் பக்கம் நிற்கிற வண்டிகள் கண்ணுக்குத் தெரியாது. இறக்கத்தில் வேகமும் தானாகக் கூடும். உச்சிக்கு வரும் முன்பே காலைத் தளர்த்துங்கள். வரிசை தெரிந்ததும் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகத் தொட்டு, ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். நிற்கும்போது முன் வண்டியின் பின் டயர் ரோட்டைத் தொடுவது உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பின்னால் ஒரு வண்டி வந்து நிற்கிறவரை பார்வை ரியர்வியூ கண்ணாடியை விட்டு நகரக் கூடாது. வேகம் குறையாமல் யாராவது வந்தால் ஒதுங்க அந்த இடைவெளிதான் கைகொடுக்கும்.

5. இடித்தவர்மேல்தான் எப்போதும் தப்பு என்று நினைத்து நடுரோட்டில் நிறுத்தாதீர்கள். 2017-இல் கோயம்புத்தூரில் ஒரு கார் நெடுஞ்சாலையில் திடீரென்று நின்றது. பைக்கில் வந்த பொறியியல் மாணவர் அதில் மோதி விழ, பின்னால் வந்த பேருந்து காலில் ஏறியது. காலை எடுக்க வேண்டியதாயிற்று. கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டியதால் நிறுத்தினேன் என்றார் கார் ஓட்டியவர். உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் பொறுப்பைக் காருக்கு 50, பேருந்துக்கு 30, போதிய இடைவெளி விடாத மாணவருக்கு 20 சதவீதம் என்று பிரித்தது. வீட்டில் யாருக்கு முடியாமல் போனாலும் சரி, முதலில் இண்டிகேட்டர், பிறகு இடது ஓரம், அப்புறம்தான் பிரேக்.

6. ராத்திரி காம்பவுண்டு சுவருக்கு முதுகு காட்டி நிறுத்திப் பிரேக்கை மிதியுங்கள். சுவரில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிவப்பு விழுகிறதா? ஒரு பல்பு போயிருந்தால் மறுநாளே மாற்றுங்கள்.

7. தண்ணீர் பாட்டிலை ஓட்டுநர் காலடியில் போடாதீர்கள். பிரேக் பிடிக்கும் நேரத்தில் அது உருண்டு பெடலுக்கு அடியில் சிக்கினால் பெடல் இறங்காது. வழுக்குகிற ஃப்ளோர் மேட்டும் ஆபத்துதான்.

8. சீட்டின் தலைத் தாங்கியை உச்சந்தலை மட்டத்துக்கு உயர்த்தி, தலையை ஒட்டி வையுங்கள். பின்னாலிருந்து இடி விழுந்தால் கழுத்தைக் காப்பது அதுதான். பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும்.

9. டிப்பர், டிரெய்லர் பின்னால் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். அவற்றின் பின்புறம் உயரம். மோதினால் பானெட் அடியில் நுழைந்துவிடும், இடி நேராக முன் கண்ணாடியில் விழும். மதுரவாயல் பைபாஸிலும் வெளிவட்டச் சாலையிலும் ராத்திரி விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கிற லாரிகள் உண்டு. இடது ஓரத்தை ஒட்டி வேகமாகப் போகாதீர்கள்.

10. வண்டி நின்றுவிட்டால் ஹசார்ட் போட்டு, முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வைத்து, எல்லோரும் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். டிக்கிக்குப் பின்னால் நின்று பேசவே கூடாது.

11. இடித்துவிட்டால் ரோட்டில் நின்று சண்டை போடாமல், நகர முடிகிற வண்டிகளைப் படம் எடுத்துவிட்டு ஓரம் கட்டுங்கள். அடிபட்டவருக்கு 108. கழுத்து வலி சில மணி நேரம் கழித்துக்கூட வரும், டாக்டரிடம் காட்டுங்கள். இதே ரோட்டிலுள்ள மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டில் விபத்தில் சிக்குகிற யாருக்கும், வெளிமாநிலத்தவர் உட்பட, முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு. பணம் கையில் இல்லையே என்று தயங்காமல் கூட்டிப் போங்கள்.