மாற்றியதை மட்டும் தனியே எழுது

அன்புள்ள தம்பிக்கு,

ஃப்ரீபிஎஸ்டி சர்வர்களின் அன்றாடப் பராமரிப்பு இனி உன் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. வேலையைத் தொடங்குமுன் ஒரு பழக்கத்தை உறுதியாகப் பிடித்துக்கொள். இயங்குதளத்தோடு வந்த அமைப்புக் கோப்பில் கை வைக்காதே. நீ மாற்ற விரும்புவதை மட்டும் உனக்கென உள்ள கோப்பில் எழுது.

அங்கே பராமரிப்பு வேலைகளை நடத்துவது பீரியாடிக் என்ற நிரல். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் கிரான் அதைத் தினமும் அதிகாலை 3:01-க்கும், சனிக்கிழமை 4:15-க்கும், மாதத்தின் முதல் நாள் 5:30-க்கும் எழுப்பும். எந்த வேலை நடக்க வேண்டும், எது கூடாது என்ற முழுப் பட்டியலும் எட்சி கோப்பகத்துக்குள் இருக்கும் டிஃபால்ட்ஸ் கோப்பகத்தில், பீரியாடிக்.கான்ஃப் என்ற கோப்பில் விளக்கக் குறிப்புகளோடு இருக்கிறது. எல்லாம் கண்முன்னே இருப்பதால் அதையே திருத்தத் தோன்றும். ஆனால் அந்தக் கோப்பு இயங்குதளத்தை உருவாக்குபவர்களுடையது. புதிய பதிப்பில் அவர்கள் அதை மாற்றுவார்கள். அப்போது உன் திருத்தம் அழியலாம், அல்லது இரண்டையும் வரிவரியாகப் பொருத்திப் பார்க்கும் வேலை உன் தலையில் விழும். எட்சியிலேயே பீரியாடிக்.கான்ஃப் என்று தனிக் கோப்பு வைத்தால் இந்தச் சிக்கலே எழாது. முதலில் டிஃபால்ட்ஸ் கோப்பு படிக்கப்படும், பிறகு உன்னுடையது. பின்னால் வந்த மதிப்பே செல்லும். தற்காலிகக் கோப்புகளைத் துடைக்கும் வேலை தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். இசட்எஃப்எஸ் வட்டுகளைச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பும் அப்படித்தான். இரண்டும் வேண்டுமென்றால் உன் கோப்பில் இரண்டே வரிகள். அந்தச் சர்வரைப் பற்றி நீ எடுத்த முடிவுகள் என்னென்ன என்று நாளை உன் இடத்துக்கு வருபவர் ஒரே பார்வையில் அறிந்துகொள்வார். நான் இந்தப் பழக்கத்தைப் பெரிதாக மதிப்பது முக்கியமாக இதற்காகத்தான். ஒவ்வொரு வரிக்கும் மேலே காரணத்தையும் எழுதிவை. என்ன மாற்றினாய் என்பதைக் கோப்பே சொல்லும், ஏன் என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

மதிப்புகள் பல இடங்களில் சிதறினால் எது நடப்பில் உள்ளது என்று எப்படித் தெரியும் என்று கேட்பாய். நியாயமான கேள்விதான். டிஃபால்ட்ஸ் கோப்பை ஷெல்லில் ஏற்றி, அதன் கடைசியில் உள்ள சோர்ஸ்_பீரியாடிக்_கான்ஃப்ஸ் என்பதை அழைத்துவிட்டு, வேண்டிய மாறியை அச்சிட்டுப் பார். பராமரிப்பு ஸ்கிரிப்டுகளும் இதே வழியில்தான் மதிப்பைப் பெறுகின்றன என்பதால் நீ காண்பதுதான் அவை காண்பதும். இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கனமானது: நான் எழுதாமல் விட்ட மதிப்பை அடுத்த பதிப்பில் அவர்கள் மாற்றிவிட்டால்? மாறும்தான். பெரும்பாலும் அது நல்லதற்கே. ஆனால் ஒரு மதிப்பை நம்பி உன் சேவை நிற்கிறது என்றால், அது இன்றைய இயல்பு மதிப்போடு ஒத்திருந்தாலும் உன் கோப்பில் எழுதிவிடு. ஸ்க்ரப்புக்கு இடைவெளி 35 நாள் என்பது இயல்பு மதிப்பு. 35 நாளே உனக்குக் கட்டாயம் என்றால் அந்த எண்ணும் உன் கோப்பில் இருக்கட்டும்.

நீயே எழுதும் ஸ்கிரிப்டுகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். அவற்றுக்கு யூஎஸ்ஆர் லோக்கலின் கீழே தனி பீரியாடிக் கோப்பகம் உண்டு. டெபியன் சர்வர்களையும் பார்க்க நேர்ந்தால் பெயரிடுவதில் கவனம் வை. ஃப்ரீபிஎஸ்டியில் ஸ்கிரிப்டின் பெயர் எண்ணும் புள்ளியுமாகத் தொடங்குவதே வழக்கம். டெபியனின் கிரான்.டெய்லி கோப்பகத்திலோ, பெயரில் புள்ளி இருந்தால், ஸ்கிரிப்டுகளை ஓட்டும் ரன்-பார்ட்ஸ் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அப்படி விடுபட்டது உன் பேக்கப் ஸ்கிரிப்ட் என்றால், அது ஓடுகிறது என்றே நீ நம்பிக்கொண்டிருப்பாய்.

இன்னொன்று. பீரியாடிக்.கான்ஃப் வெறும் பட்டியல் அல்ல, ஷெல் அதை நிரலாகவே ஓட்டுகிறது, அதுவும் ரூட் அதிகாரத்தோடு. அதில் எழுத முடிந்தவர் அந்தச் சர்வரில் எதையும் செய்ய முடியும். ஆகவே எழுதும் உரிமை ரூட்டுக்கு மட்டும் இருக்கிறதா என்று எல்லாச் சர்வர்களிலும் இந்த வாரமே பார்த்துவிடு.

அன்புடன்,
அண்ணன்