மாதம் 129 டொலருக்கு ஒரு ஃபர்னஸ்

கேள்வி: எங்கள் வீட்டு ஃபர்னஸுக்கு வயது 22. ஏசியும் அதோடு பூட்டியதுதான். இரண்டையும் மாற்றுவதற்கு, எங்களுக்குத் தெரிந்த காஸ் டெக்னீஷியன் ஒருவரிடம் விலை கேட்டோம். 8,200 டொலர், எச்எஸ்டி வரி தனி என்றார். நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். அதற்குள், ஒருநாள் நானும் மனைவியும் வேலைக்குப் போயிருந்த நேரம், தமிழ் பேசும் ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருக்கிறார். "இது அரசாங்கத் திட்டம் அம்மா, கையிலை காசு வேண்டாம், மாதம் 129 டொலர்தான்" என்று சொல்லி அம்மாவிடம் டேப்லெட்டில் கையெழுத்து வாங்கிவிட்டார். வங்கி விவரமும் வாங்கிக்கொண்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. முந்திய மாதம் கோயில் திருவிழாவில் 'இலவசப் பரிசோதனை' சீட்டு ஒன்றை நிரப்பிக் கொடுத்ததாக இப்போது சொல்கிறார். மூன்றாம் நாளே ஃபர்னஸைப் பூட்டிவிட்டுப் பழையதைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். ஏசி கோடைக்கு முன் வருமாம். விட்டுச் சென்ற துண்டுப்பிரசுரத்தில் பத்து வருட வாடகை, ஆண்டுக்கு 3.5 சதவீத உயர்வு என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஒப்பந்தப் பிரதி இன்னும் வரவில்லை. இன்றோடு ஆறு நாள். விலக முடியுமா? முடிந்தால் எதை வாங்குவது?
- ஒரு வாசகர், ஸ்காபரோ

பதில்: விலக முடியும். அந்த ஃபர்னஸைத் திருப்பிக் கொடுக்காமலே விலகவும் இவருக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல் ஃபர்னஸ், ஏசி, வாட்டர் ஹீட்டர், தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி போன்றவற்றை அழையாமல் வீட்டு வாசலுக்கு வந்து விற்பதும் வாடகைக்கு விடுவதும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தம் செய்வதற்கென்று நுகர்வோரே நிறுவனத்தைத் தொடர்புகொண்டு வீட்டுக்கு அழைத்திருக்க வேண்டும். அப்படி அழைக்காத இடத்தில் வாங்கிய கையெழுத்து செல்லாது. செல்லாத ஒப்பந்தத்தின் பேரில் பூட்டிய பொருளை எந்தக் கடப்பாடும் இல்லாமல் நுகர்வோர் வைத்துக்கொள்ளலாம். இலவசமாக ஒரு ஃபர்னஸா என்று பலர் நம்ப மறுப்பார்கள். விற்பவருக்கு வலித்தால்தான் வாசல் வியாபாரம் நிற்கும் என்று கணக்கிட்டே சட்டம் இப்படி எழுதப்பட்டது.

நிறுவனம் இதற்கு என்ன பதில் சொல்லும் என்பது ஊகிக்கக் கடினமானதல்ல. திருவிழாச் சீட்டை எடுத்து நீட்டும். "அம்மாதானே கூப்பிட்டார்" என்னும். ஆனால் பழைய இயந்திரத்தை இலவசமாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று பெயரும் முகவரியும் எழுதிக் கொடுப்பது ஒன்று. பத்து வருட வாடகை ஒப்பந்தத்துக்கு வாருங்கள் என்று அழைப்பது வேறொன்று. சட்டம் கேட்பது இரண்டாவதை. சீட்டில் பொடி எழுத்தில் வேறு ஏதாவது இருந்ததா என்பதைப் பார்க்க வேண்டும். அதன் பிரதி அம்மாவிடம் இல்லையென்றால், காட்ட வேண்டிய பொறுப்பு நிறுவனத்தின் தலையில்தான் விழும்.

ஒரு பேச்சுக்கு, அம்மா அழைத்தார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வீட்டில் வைத்துச் செய்த ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் ரத்து செய்யலாம். கையெழுத்து வைத்த நாளிலிருந்து எண்ணுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இவருக்குப் பிரதியே வரவில்லை. ஆகவே அந்த 10 நாள் இன்னும் தொடங்கவே இல்லை. பிரதி கொடுக்கப்படாவிட்டாலோ, சட்டம் கேட்கும் விவரங்கள் அதில் இல்லாவிட்டாலோ ரத்து செய்வதற்கான கால எல்லை ஒரு வருடமாக நீள்கிறது.

அதற்கும் மேலே ஒரு வழி இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் அதிகம் பயன்படுத்தாத வழி அது. நியாயமற்ற வணிகமுறை எது என்று சொல்லும்போது, சட்டத்தின் 15ஆம் பிரிவு சில அடையாளங்களைத் தருகிறது. ஒப்பந்தம் எழுதப்பட்ட மொழி புரியாததால் தன் நலனைக் காத்துக்கொள்ள முடியாத ஒருவரிடம், அது தெரிந்தே கையெழுத்து வாங்குவது அவற்றில் ஒன்று. சந்தையில் எளிதாகக் கிடைக்கும் அதே மாதிரிப் பொருளின் விலையை விட மிகப் பெரிய அளவில் கூடுதலாக வாங்குவது இன்னொன்று. இந்த வீட்டில் பேச்சு முழுக்கத் தமிழில் நடந்தது, கையெழுத்து மட்டும் ஆங்கிலத்துக்கு வைக்கப்பட்டது. தமிழில் பேசியது உதவிக்கு என்று அந்தத் தம்பி சொல்லக்கூடும். ஆனால் அம்மாவுக்கு ஆங்கிலம் புரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. 'அரசாங்கத் திட்டம்' என்று சொன்னது அப்பட்டமான பொய்க் கூற்று. எந்த அரசும் வாடகை ஃபர்னஸ் விற்க ஆள் அனுப்புவதில்லை. இவற்றின் பேரில் ஒரு வருடத்துக்குள் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக்கூடாது. ஒப்பந்தம் செல்லாது என்றால் பொருள் வீட்டிலேயே நிற்கும். 10 நாள் உரிமையைக் கொண்டு ரத்து செய்தால், கட்டிய பணத்தை 15 நாட்களுக்குள் திருப்பித் தருவது நிறுவனத்தின் கடமை, பொருளை எடுத்துச் செல்ல விடுவது வீட்டுக்காரரின் கடமை. ஜனவரிக் குளிரில், பழைய ஃபர்னஸும் போய்விட்ட வீட்டில், இது சின்ன விஷயமல்ல. அதனால்தான் கடிதத்தில் முதல் வாதமாக 'செல்லாது' என்பதையும், மாற்று வாதமாக 'ரத்து' என்பதையும் அந்த வரிசையிலேயே எழுத வேண்டும்.

இனிக் கணக்கு. மாதம் 129 என்றால் முதல் ஆண்டு 1,548 டொலர். ஆண்டுதோறும் 3.5 சதவீதம் ஏறினால் பத்து ஆண்டில் சுமார் 18,160. அதன்மேல் 13 சதவீத எச்எஸ்டி சேர்ந்தால் 20,500 டொலரைத் தாண்டும். காஸ் டெக்னீஷியன் சொன்ன 8,200 வரியோடு 9,266. கையில் பணம் இல்லாமல் வங்கியில் 8 சதவீத வட்டிக்கு ஐந்து வருடக் கடன் எடுத்தாலும் மாதம் 188 டொலர், மொத்தம் சுமார் 11,270. இடறுவது இங்கேதான். 188ஐயும் 129ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் 129ஐத் தேர்ந்தெடுக்கிறார். ஒன்று ஐந்தாம் வருடம் முடிகிறது, மற்றது அப்போது பாதி வழியில் நிற்கிறது. பராமரிப்பு இலவசம் என்பதை எவ்வளவு தாராளமாக மதிப்பிட்டாலும் ஒன்பதாயிரம் டொலர் இடைவெளி அதில் அடங்காது.

வாடகைக்கு வாட்டர் ஹீட்டர் வைத்திருப்பது ஒன்ராறியோவில் பழைய வழக்கம். அதிலிருந்து வெளியேறுவது எவ்வளவு கடினமாக்கப்பட்டது என்பது மத்திய போட்டி ஆணையத்தின் கோப்புகளில் இருக்கிறது. வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறுவதைத் தடுக்கும் நடைமுறைகளை வைத்திருந்ததாக ரிலையன்ஸ், டைரக்ட் எனர்ஜி என்ற இரு நிறுவனங்கள் மீது ஆணையம் 2012இல் வழக்குத் தொடுத்தது. 2014இல் ரிலையன்ஸ் 50 லட்சம் டொலரும், 2015இல் டைரக்ட் எனர்ஜி 10 லட்சம் டொலரும் அபராதம் செலுத்த இணங்கி வழக்கு முடிந்தது.

வாடகை ஃபர்னஸ் வந்தபோது கூடவே இன்னொன்றும் வந்தது. முன்பெல்லாம் வீட்டின் காணிப் பதிவில் 'பிணை உரிமை அறிவிப்பு' ஒன்றைப் பதிந்துவிடுவார்கள். வீட்டை விற்கும்போதோ மோர்ட்கேஜை மாற்றும்போதோதான் வீட்டுக்காரருக்கு அது தெரியவரும். நீக்க வேண்டுமென்றால் பெரிய தொகை கேட்பார்கள், வழியில்லாமல் கட்டுவார்கள். 2024 ஜூன் 6 அன்று நடைமுறைக்கு வந்த வீட்டுரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் பொருட்களுக்கு இந்தப் பதிவைத் தடை செய்தது. முன்பு பதிந்திருந்தவையும் காலாவதியானதாகக் கருதப்படும். பழைய அறிவிப்பு காணிப் பதிவில் இன்னும் கிடந்தால் நீக்கும்படி விண்ணப்பிக்கலாம். ஆனால் பதிவு போனதால் வாடகை ஒப்பந்தம் போய்விடவில்லை. அது தனி.

ஆக, ஏசியையும் ஒருவேளை ஃபர்னஸையும் இவர் சொந்தமாக வாங்கவேண்டி வரலாம். மலிவாக, ஆனால் ஏமாறாமல் வாங்க இங்கே சில விவரங்கள் போதும்.

கனடாவில் வீட்டுக் காஸ் ஃபர்னஸின் செயற்திறன் 95 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது 2019 ஜூலை முதல் மத்திய விதி. அதனால் 'எங்களுடையது ஹை எஃபிஷியன்சி' என்பது பெரும்பாலும் வெற்றுப் பெருமை. எல்லாருடையதும் அதுதான். 95க்கும் 97க்கும் உள்ள இடைவெளிக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது காஸ் பில்லில் எளிதில் திரும்பி வராது. கார்பன் கட்டணத்தைக் காட்டிப் பயமுறுத்துவோரும் உண்டு. காஸ் பில்லில் இருந்த அந்த மத்திய கட்டணம் 2025 ஏப்ரல் 1 அன்றே நீங்கிவிட்டது.

அளவுதான் முக்கியம். பழையது ஒரு லட்சம் பிடியூ என்றால் புதியதும் ஒரு லட்சம் என்று சிலர் எழுதிவிடுவார்கள். ஜன்னலும் அட்டிக் இன்சுலேஷனும் மாற்றிய வீட்டுக்கு அதில் பாதி போதுமானதாக இருக்கலாம். கனடாவில் வெப்ப இழப்பைக் கணக்கிட சிஎஸ்ஏ எஃப்280 என்ற தரநிலை இருக்கிறது. அந்தக் கணக்கைக் கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது. ஏசியை டன்னில் சொல்வார்கள். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ. தேவைக்கு மேல் பெரிய ஏசி வீட்டைச் சட்டென்று குளிரவைத்து நின்றுவிடும், ஈரப்பதம் அப்படியே இருக்கும். ஜூலைப் புழுக்கத்தில் உடம்பு பிசுபிசுக்கும்.

பிராண்டு விஷயத்தில் மலிவு என்றால் மட்டம் என்று எண்ண வேண்டியதில்லை. குட்மேன் நிறுவனத்தை ஜப்பானின் டைக்கின் 2012இல் வாங்கியது. கீப்ரைட் பெயரில் விற்பது கேரியர் குழுமத்தின் கிளை. விலை உயர்ந்த பெயரும் குறைந்த பெயரும் பல நேரம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒரே வேகத்தில் எரியும் சாதாரண ஃபர்னஸ் சிறிய வீட்டுக்குத் தாராளம். ஏசி வாங்கும்போது குளிர்வாயுவைக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 2025 ஜனவரி 1 முதல் ஆர்-410ஏ வாயுவில் இயங்கும் புதிய வீட்டு ஏசிகளைத் தயாரிக்கத் தடை வந்தது. ஆர்-32, ஆர்-454பி ஆகியவை அந்த இடத்துக்கு வந்தன. பழைய வாயுவில் இயங்கும் ஏசி தள்ளுபடியில் கிடைத்தால் வாங்குவது தவறல்ல, தள்ளுபடி உண்மையிலேயே பெரியதாக இருந்தால்.

இனிச் சட்டம் மறுபடி உள்ளே வருகிறது. 22 வருட ஃபர்னஸ் பெரும்பாலும் புகைபோக்கி வழியே மூச்சுவிட்டது, வாட்டர் ஹீட்டரும் அதே புகைபோக்கியில் இணைந்திருக்கும். புதியது சுவர் வழியே பிளாஸ்டிக் குழாயில் வெளியேறும். அப்போது தனித்துப்போன வாட்டர் ஹீட்டருக்குப் புகைபோக்கி அளவுக்கு மீறிப் பெரிதாகி, உள்ளே உலோகக் குழாய் இறக்க வேண்டி வரலாம். மதிப்பீட்டில் இது இல்லாமல், வேலை நடுவில் 'இது எக்ஸ்ட்ரா அண்ணை' என்று வரும். ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை எழுதியிருந்தால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கேட்க நிறுவனத்துக்கு உரிமையில்லை. புதிய வேலைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தால்தான் அந்த எல்லை நகரும். அதனால் புகைபோக்கி, மின்சார இணைப்பு, பழையதை அகற்றுவது, இரண்டு இயந்திரத்தின் மாடல் எண் எல்லாம் தாளில் ஏறியிருக்க வேண்டும்.

காஸ் வேலை செய்பவர், தொழில்நுட்பப் பாதுகாப்பை மேற்பார்வையிடும் டிஎஸ்எஸ்ஏ அமைப்பில் பதிவு பெற்ற நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் விருப்பத் தெரிவு அல்ல, சட்டம். 'தெரிந்தவர்' என்பது அதற்கு ஈடாகாது. இவருடைய டெக்னீஷியனிடமும் பதிவு எண்ணைக் கேட்கலாம், மனவருத்தம் வராது. உற்பத்தியாளரின் நீண்டகால உத்தரவாதத்துக்குப் பூட்டிய சில வாரங்களுக்குள் பதிவு செய்யவேண்டி வரும். குட்மேனுக்கு அது 60 நாள். அந்த உத்தரவாதம் உதிரிப்பாகத்துக்குத்தான், கூலிக்கு அல்ல.

அம்மா கொடுத்த வங்கி விவரத்தை வைத்துப் பணம் எடுக்காதபடி, இன்றே வங்கிக்குப் போய் முன்அனுமதிப் பிடித்தத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே எடுத்திருந்தால், தனிநபர் கணக்கில் 90 நாட்களுக்குள் முறையிட்டுத் திரும்பப் பெறலாம். வாடகையை வேறு நிதி நிறுவனத்துக்குக் கைமாற்றியிருந்தாலும் பயப்பட வேண்டாம். மூல ஒப்பந்தம் ரத்தானால் அதோடு இணைந்த கடன் ஒப்பந்தமும் ரத்தாகும். வீடு மகன் பெயரில் இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. கையெழுத்து அம்மாவுடையது, மகனுடையது அல்ல. மகனிடம் பணம் கேட்கும் கடிதம் வந்தால் அப்படியே பதில் எழுதலாம்.

மாகாண நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் முறைப்பாடு செய்வது இலவசம். பணம் திரும்பாவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது; 2025 அக்டோபர் 1 முதல் அதன் உச்சவரம்பு 50,000 டொலர். வழக்கறிஞர் வேண்டுமானால் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை முதல் அரை மணி நேர ஆலோசனையை இலவசமாகத் தரும். ரொறன்ரோவில் தெற்காசியச் சட்ட உதவி மையமும் இருக்கிறது.

ரத்துக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதே நாளில் மின்னஞ்சலிலும் போட வேண்டும். அம்மாவின் பெயர், கையெழுத்திட்ட தேதி, 'செல்லாது. மாற்றாக ரத்து செய்கிறேன்' என்ற வரி, இவ்வளவு போதும். கடிதத்தின் பிரதியையும் தபால் ரசீதையும் பேஸ்மென்டில் அந்த ஃபர்னஸின் பக்கத்திலேயே ஒட்டி வைக்கலாம். யாராவது கழற்ற வந்து கதவைத் தட்டினால், அனுமதியில்லாமல் உள்ளே வர முடியாது என்று சொல்லவும், அந்தத் தாளைக் காட்டி மகனுக்குத் தொலைபேசி எடுக்கவும் அம்மாவுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.