விருந்தினர் வாடகையைக் குறைக்கக் கேட்டால்

வீட்டின் ஓர் அறையை நாள் வாடகைக்கு விடுவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் வினா, ‘சற்றுக் குறைக்கக் கூடாதா?’ என்பதாகும். கேட்பது குற்றமன்று. ஆனால் கேட்டவர்க்கு மட்டும் குறைத்தால், கேளாது முழுத்தொகை தந்தவர்க்கு நாம் நேர்மை செய்தவராகோம். ஆகவே குறைப்பு, கேட்பவரின் சொல்வன்மையைச் சாராது தக்க காரணத்தைச் சார்ந்திருத்தல் வேண்டும்.

தக்க காரணம் எது? ஓர் இரவு வாடகை ரூ. 2,000 எனவும், ஒவ்வொருவர் சென்றபின்னும் தூய்மை செய்யவும் விரிப்புகளை வெளுக்கவும் ரூ. 500 ஆகும் எனவும் கொள்வோம். ஏழு இரவும் வெவ்வேறு எழுவர் தங்கினால் வரவு ரூ. 14,000, இச்செலவு ரூ. 3,500, எஞ்சுவது ரூ. 10,500. ஒருவரே ஏழு இரவும் தங்கினால் எஞ்சுவது ரூ. 13,500. அவருக்கு நூற்றுக்குப் பத்தாக ரூ. 1,400 குறைத்தாலும் நமக்கு ரூ. 1,600 மிகுதியே.

காலியாகக் கழிந்த இரவை மறுநாள் வாடகைக்கு விட இயலாது. ஆதலின் வரத்துக் குறைந்த நாள்களிலும் குறைக்கலாம். எனினும் செலவுக்குக் கீழே இறங்கலாகாது.

ஏர்பிஎன்பி போன்ற இணையத் தளங்களில் வாரத் தங்கலுக்கும் மாதத் தங்கலுக்கும் குறைப்பை முன்னரே குறித்துவைக்கலாம். ‘தளத்திற்கு வெளியே பணம் தருகிறேன், குறையுங்கள்’ என்பவர்க்கு இசையலாகாது. அது விதிமீறல், இருவர்க்கும் பாதுகாப்பும் இராது.

மறுக்கும்போது, ‘ஒருநாள் தங்கலுக்கு இதுவே வாடகை, ஏழு நாள் தங்குவோர் எவராயினும் பத்து விழுக்காடு குறைப்போம்’ என இன்முகத்துடன் கூறுக. யாவர்க்கும் ஒன்றான விதியைக் கேட்டு வருந்துவார் அரியர்.