மண்ணுக்குள் மறைந்த பள்ளிகள்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

முன்னுரை

தமிழ்நாட்டில் பௌத்தம் பல நூற்றாண்டுகள் செழித்திருந்தது என்று படிக்கிறோம். மணிமேகலை என்னும் பெருங்காப்பியமே அதற்குச் சான்று. அப்படியானால் பிக்குகள் தங்கிக் கற்றும் கற்பித்தும் வாழ்ந்த விகாரங்கள் எங்கே போயின? இக்கேள்விக்கு விடை தேடியபோது, அது நம் விழுப்புரத்துக்கு அருகிலேயே பாறையில் பொறிக்கப்பட்டிருப்பதை அறிந்தேன்.

மண்டகப்பட்டு தரும் விடை

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் உள்ளது மண்டகப்பட்டு. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கு ஒரு குடைவரைக் கோயிலை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு இதை எடுத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமையுடன் கூறுகிறது. அதுவரை கட்டடம் என்றால் இந்நான்கும்தான் என்பது இதனால் விளங்கும். விகாரங்களும் அவற்றால் ஆனவையே. மரம் மக்கிவிடும், உலோகத்தை உருக்கிவிடுவர், செங்கல்லையோ பெயர்த்தெடுத்து வேறு சுவருக்குக் கொண்டு போவர்.

இரண்டு விகாரங்கள்

காவிரிப்பூம்பட்டினத்தை அடுத்த பல்லவனேசுவரத்தில் இந்தியத் தொல்லியல் துறையினர் 1960களில் அகழ்ந்தபோது, செங்கல்லால் ஆன ஒரு விகாரத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. வரிசையாகச் சதுர அறைகள் இருந்தன. சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய புத்தர் பாதமும் கிடைத்தது. மண் மூடிக் காத்ததால் அது நமக்குக் கிடைத்தது.

மூடப்படாமல் நின்றதன் கதி வேறு. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம், கடல் கடந்த ஸ்ரீவிசய அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் எடுத்தது. அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அந்நகரில் பழைய பௌத்தக் கட்டடமொன்றின் எச்சமாக மூன்று நிலைக் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. 1846இல் அதைக் கண்ட வால்டர் எலியட், சாந்து இன்றியே செங்கற்கள் நெருக்கமாகப் பொருத்தப்பட்டிருந்ததாக எழுதியுள்ளார். 1867இல் அரசின் அனுமதியோடு அது இடிக்கப்பட்டது. எதற்காக? அதன் பொருள்களைக் கொண்டு ஒரு கல்லூரி கட்டுவதற்காக! ஒரு கல்விச்சாலை எழ மற்றொரு கல்விச்சாலையின் எச்சம் அழிந்தது.

எங்கள் வீட்டுச் செங்கல்

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் உண்டு. திண்டிவனத்துக்கு அருகே ஒரு செங்கல் சூளையில் கல் அறுப்பவர் என் தந்தை. அந்தக் கூலியில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் கல்லூரிக்கு வந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது சில பழைய செங்கற்கள் கிடைத்தன. நம் சூளைக்கல் ஒன்பது அங்குலம். அவையோ ஒரு முழ நீளம். "இந்தக் காலத்துல யாருடா இப்படிக் கல் அறுக்கறாங்க!" என்று அப்பா வியந்தார். பிறகு அவற்றை மாட்டுக் கொட்டகையில் பரப்பினோம். நானும் சுமந்தேன்.

அவை விகாரத்தின் கற்கள் என்று நான் கூற வரவில்லை. எதன் கற்கள் என்று அறியும் வாய்ப்பை இழந்தோம் என்பதே என் வருத்தம்.

இயற்பியல் கூறுவது

செங்கல்லில் உள்ள படிகத் துகள்கள், சுற்றிலும் உள்ள இயற்கைக் கதிரியக்கத்தின் ஆற்றலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கின்றன. சூளையின் வெப்பம் பழைய சேமிப்பை அழித்துவிடும். வெந்த நாள் முதல் புதுக்கணக்கு தொடங்கும். ஆய்வகத்தில் மீண்டும் சூடேற்றினால் அந்த ஆற்றல் ஒளியாக வெளிப்படும். அதை அளந்து கல் சுடப்பட்ட காலத்தைக் கணிப்பதே வெப்ப ஒளிர்வு முறை. ஆனால் ஆண்டுதோறும் கல் பெற்ற கதிர்வீச்சின் அளவை அறிய, அது கிடந்த மண்ணையும் அளக்க வேண்டும். இடம் பெயர்ந்த கல் பாதி ஊமையாகிவிடுகிறது.

முடிவுரை

ஆகவே நண்பர்களே, ஏரி தூர் வாரும்போதோ, கிணறு வெட்டும்போதோ பழங்கற்கள் தென்பட்டால் பெயர்க்காதீர்கள். இடத்தையும் ஆழத்தையும் குறித்து, படம் எடுத்து, நம் வரலாற்றுப் பேராசிரியர்களிடமோ தொல்லியல் துறையிடமோ தெரிவியுங்கள். சென்ற விடுமுறையில் அப்பாவிடம் இவற்றையெல்லாம் விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன்டா" என்றார். தெரியாமல் அழிந்தது போகட்டும். தெரிந்த நாம் இனியேனும் காப்போமாக.