அங்கே ஓட்டு, இங்கே இஎம்ஐ

ஐடி கம்பெனியில் நாலைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கலாம் என்று நினைக்கும் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் பேச்சு ட்ரம்பிடம் போய் நிற்கும். "இன்னும் கொஞ்ச வருஷம் போகட்டும் மச்சி, ஆட்சி மாறினதும் பாத்துக்கலாம்" என்பார் ஒருவர். "எப்பவும் இப்படித்தான்டா பயமுறுத்துவாங்க, போனவன் எவன் திரும்பி வந்தான்?" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் அரசியல் பேசுகிறார்கள், திட்டம் போடவில்லை.

எனக்கும் அமெரிக்க அரசியலைப் பற்றிக் கருத்து உண்டு, கொஞ்சம் காரமாகவே உண்டு. ஆனால் மேற்படிப்பு விஷயத்தில் அந்தக் கருத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு கேள்விகளைத்தான் கேட்பேன். வந்திருக்கும் செய்தி பேச்சா, முன்மொழிவா, விதியா, சட்டமா? அது என் கடன் கணக்கைத் தொடுகிறதா?

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். 2020 ஜூலை 6 அன்று, வகுப்புகள் முழுக்க ஆன்லைனில் நடந்தால் வெளிநாட்டு மாணவர்கள் நாட்டில் இருக்க முடியாது என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை அறிவித்தது. ஹார்வர்டும் எம்ஐடியும் வழக்குப் போட்டன. ஜூலை 14 அன்று அரசு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட ஒரு வாரத்தில் அவசரப்பட்டு டிக்கெட் போட்டவர்களுக்குத்தான் நஷ்டம். இன்னொன்று: மாணவர் படிப்பு முடியும் வரை தங்கலாம் என்ற அப்போதைய ஏற்பாட்டை எடுத்துவிட்டு, குறிப்பிட்ட தேதிவரைதான் தங்கலாம் என்று மாற்ற 2020 செப்டம்பரில் ஒரு முன்மொழிவு வந்தது. பைடன் ஆட்சி 2021இல் அதைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் அதே யோசனை நான்கு ஆண்டு உச்சவரம்போடு மறுபடி முன்மொழிவாக வந்தது. முன்மொழிவு என்றால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல அவகாசம் உண்டு, பிறகு இறுதி விதி, அதற்குப் பிறகு பெரும்பாலும் கோர்ட். யூடியூப் தலைப்புகளில் இந்த நாலு கட்டமும் "அதிர்ச்சி" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். அங்கே அரசிதழுக்கு ஃபெடரல் ரெஜிஸ்டர் என்று பெயர். அதில் என்ன வந்திருக்கிறது என்று வாரம் ஒருமுறை பார்த்தால் போதும், தினமும் டிவி விவாதம் கேட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதற்காக எல்லாமே வெறும் புகைதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதிபரின் பிரகடனம் ஓரிரு நாளிலேயே அமலுக்கு வரலாம். 2025 செப்டம்பர் 19 அன்று கையெழுத்தான, எச்-1பி வேலை விசா பற்றிய பிரகடனம் அப்படிப்பட்டது. புது மனு ஒன்றுக்கு 1,00,000 டாலர் கட்டணம், அதுவும் இரண்டு நாளில் அமல். அந்த வாரக் கடைசியில் விமான நிலையங்களில் நடந்த களேபரம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் மாணவர்கள் கவனிக்க வேண்டிய வரி ஒரு மாதம் கழித்து, அக்டோபரில் வந்த விளக்கத்தில் இருந்தது: அமெரிக்காவுக்குள்ளேயே எஃப்-1 விசாவில் இருந்துகொண்டு எச்-1பிக்கு மாறுபவருக்கு அந்தக் கட்டணம் கிடையாது. அதாவது, சென்னையில் உட்கார்ந்தபடி நேராக எச்-1பி வாங்கி ஆன்சைட் போகும் வழிதான் குறுகியது. படித்துவிட்டு அங்கேயே மாறும் வழி திறந்தே இருந்தது. தலைப்போடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியவே இல்லை.

"ஆட்சி மாறினால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கைக்கு வருவோம். அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு ஓபிடி என்ற வேலை அனுமதியை முதலில் 17 மாதம் நீட்டித்தது 2008இல் குடியரசுக் கட்சி புஷ் ஆட்சி. 2016இல் அதை 24 மாதமாக்கியது ஜனநாயகக் கட்சி ஒபாமா ஆட்சி. எச்-1பிக்கு ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 என்ற வரம்பு ட்ரம்ப் போட்டதல்ல. அது நாடாளுமன்றம் போட்ட சட்டம். 2004க்குப் பிறகு இரு கட்சியும் மாறி மாறி ஆண்டும் அந்த எண் நகரவில்லை. கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதும் 1990ஆம் ஆண்டுச் சட்டம். இந்தியர்களின் வரிசை தலைமுறைக் கணக்கில் நீள்வதற்குக் காரணம் அதுதான். இதில் பைடன் காலம், ட்ரம்ப் காலம் என்ற பேதமே இல்லை. ட்ரம்ப் என்ற ஒரே மனிதரை எடுத்துக்கொண்டாலும் பேச்சும் செயலும் ஒன்றாக இல்லை. அமெரிக்காவில் பட்டம் வாங்குகிறவருக்குக் கிரீன் கார்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் சொன்னவர்தான் அடுத்த ஆண்டு லட்சம் டாலர் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். எலான் மஸ்க்கும் ஸ்டீவ் பேனனும் எச்-1பிக்காக வெளிப்படையாக அடித்துக்கொண்டதும் ட்ரம்பின் ஒரே கூடாரத்துக்குள்தான்.

நம்ம ஊர்ப் பாசம் தனிக்கதை. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம் கமலா ஹாரிஸின் அம்மாவழித் தாத்தாவின் ஊர்; 2024 அதிபர் தேர்தலின்போது அவருக்காக அங்கே கோயிலில் பூசை நடந்தது. நடக்கட்டும், சந்தோஷம். ஆனால் அவர் ஜெயித்திருந்தாலும் 65,000 என்ற எண்ணை மாற்ற அமெரிக்க நாடாளுமன்றம்தான் ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். அவருடைய அம்மா சியாமளா கோபாலன் 1958இல் பெர்க்லிக்குப் படிக்கப் போன நாட்களில் இந்தியர்களுக்கான குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு வெறும் 100. இன்றைய நிலவரம் மோசம்தான், ஆனால் அதைவிட மோசமான காலத்திலும் படிக்கப் போனவர்கள் இருந்திருக்கிறார்கள். திரும்பி வந்தாலும் நஷ்டமில்லை என்ற கணக்கோடு போனவர்கள் அவர்களில் நிறைய.

அந்தக் கணக்குதான் இரண்டாவது கேள்வி. ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்துகொள்ளுங்கள். 50 லட்ச ரூபாய் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்று போடுங்கள். மாத இஎம்ஐ ஏறக்குறைய 68,900 ரூபாய் வரும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை, அது தனி. இப்போது பெரும்பாலானவர்கள் அடுத்த கட்டத்தில் அமெரிக்கச் சம்பளத்தைப் போட்டு, டாலரை ரூபாயாக்கி, "ரெண்டே வருஷத்துல அடைச்சிடலாம்" என்று ஷீட்டை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். கீழே இன்னும் இரண்டு வரிகள் சேருங்கள். ஒன்று, ஓபிடி மூன்று வருடம் கிடைத்து எச்-1பி விழாமல் திரும்பி வந்தால். இன்னொன்று, படிப்பு முடிந்து வேலையே கிடைக்காமல் திரும்பி வந்தால். ஓபிடியின் முதல் வருடத்தில் மொத்தம் 90 நாள் வரைதான் வேலையில்லாமல் இருக்கலாம் என்பதால் இது கற்பனை அல்ல. திரும்பி வந்து இங்கே வாங்கும் சம்பளத்தில் அந்த 68,900ஐக் கட்டி, வாடகை கொடுத்து, அம்மா அப்பாவுக்கும் அனுப்ப முடியுமா? முடியாது என்றால் கடன் அளவு தப்பு, நாடு தப்பில்லை. செலவு குறைந்த மாநிலப் பல்கலைக்கழகம், உதவித்தொகை, ஒரு வருடம் தள்ளிப் போட்டுச் சேமிப்பு என எதையாவது செய்து கடனைக் குறையுங்கள். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைப்பதாக இருந்தால், இரண்டாவது வரியைப் பெற்றோர் முன்னால் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு வையுங்கள். கையெழுத்து அவர்களுடையது.

இந்தக் கணக்கில் எச்-1பியை வரவாகப் போடவே கூடாது என்பது என் கட்சி. விழுந்தால் போனஸ். எச்-1பிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் லாட்டரியின் விதியே மாறிவிட்டது. சம்பள நிலை உயர உயர வாய்ப்புக் கூடும்படி 2025 டிசம்பரில் புது விதி இறுதியானது. கல்லூரியை விட்டு வந்த உடனே கீழ்நிலைச் சம்பளத்தில் சேருபவருக்கு இது பாதகம், அனுபவத்தோடு போகிறவருக்குச் சாதகம். ஆகவே இருபத்திரண்டு வயதில் ஓடுவதைவிட இங்கே நாலு வருடம் உருப்படியாக வேலை பார்த்துவிட்டுப் போவதற்கு இன்று கூடுதல் அர்த்தம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களும் லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்களும் இந்த லாட்டரிக்கு வெளியே எச்-1பி எடுக்கலாம் என்பதையும் ஞாபகம் வையுங்கள். ஆய்வில் நாட்டம் உள்ளவர்களுக்கு அது பெரிய கதவு. ஆனால் அங்கேயும் மாநில அரசியல் நுழைந்துவிட்டது. 2025 அக்டோபரில் ஃபுளோரிடா ஆளுநர் தன் மாநிலப் பல்கலைக்கழகங்களில் எச்-1பி நியமனம் வேண்டாம் என்றார். எந்தப் பல்கலைக்கழகம் என்று பார்ப்பதோடு எந்த மாநிலம் என்றும் பாருங்கள்.

பிஎச்.டி. போகிறவர்கள் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: "என் ஃபண்டிங் எங்கிருந்து வருகிறது? ஆய்வு மானியத்திலிருந்தா, துறையின் டீச்சிங் அசிஸ்டன்ட் பணத்திலிருந்தா?" 2025இல் மத்திய அரசின் ஆய்வு மானியங்கள் ஆட்டம் கண்டபோது மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, கொடுத்த அட்மிஷன்களையே திரும்பப் பெற்றது. மானியம் எத்தனை வருடத்துக்கு உறுதி என்று மின்னஞ்சலில் கேட்டால் நல்ல பேராசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

இனி, உங்கள் கருத்துகள். விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம் கடந்த ஐந்து வருடத்தில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கும். 2025 ஜூன் முதல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் வேண்டும். இதைக் கேட்டதும் சிலர் ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் அழிக்கிறார்கள், சிலர் பழைய கணக்கைப் படிவத்தில் காட்டாமல் விடுகிறார்கள். முதலாவது அசட்டுத்தனம், இரண்டாவது ஆபத்து. கருத்துக்காக ஒருவேளை விசா மறுக்கப்படலாம். பொய்த் தகவலுக்காக மறுக்கப்பட்டால் அந்தக் கறை நிரந்தரமாகவே ஒட்டிக்கொள்ளலாம். இருக்கிற கணக்கைக் காட்டுங்கள். வசவும் மிரட்டலும் இருந்தால் எடுத்துவிடுங்கள், அவை யாருக்கும் அழகில்லை. அரசியல் கருத்து எழுதியிருந்தால், கேட்கும்போது இரண்டு வாக்கியத்தில் நிதானமாக விளக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போன பிறகு பேசலாமா? டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. படித்த துருக்கி மாணவி ஒருவர், மாணவர் இதழில் சிலரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையைத் தொடர்ந்து 2025 மார்ச்சில் கைது செய்யப்பட்டார். ஆறு வாரம் காவலில் இருந்தபின் நீதிபதி உத்தரவில் வெளியே வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பாஸ்டன் கூட்டாட்சி நீதிமன்றம், சட்டப்படி தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை குடிமக்களுக்கு உள்ளதுபோலவே உண்டு என்று தீர்ப்பளித்தது. உரிமை இருக்கிறது, அதை நிலைநாட்ட ஆகும் ஆறு வாரத்துக்கு நீங்கள் தயாரா என்பதுதான் விஷயம். இதில் நான் யாருக்கும் வாய்ப்பூட்டுப் போட மாட்டேன். மௌனமாக இருப்பவரைக் கோழை என்றும் சொல்ல மாட்டேன், அவருக்கும் அந்த 68,900 இருக்கிறது. ஆனால் கட்டுரையே எழுதாதவர்களும் அந்த வசந்தத்தில் தப்பவில்லை. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் தங்கும் அனுமதிப் பதிவுகள், சின்னப் போலீஸ் வழக்கு பதிவான பலருடையது உட்பட, திடீரென்று ரத்தாகின. வழக்குகள் குவிந்ததும் ஏப்ரல் கடைசியில் திருப்பிக் கொடுக்கப்பட்டன. கடை ஒன்றில் தகராறு, வேகமாக வண்டி ஓட்டியது போன்ற "சின்ன" விஷயங்களுக்கு, கருத்துக்குப் பயப்படுவதைவிடக் கூடுதலாகப் பயந்து நடந்துகொள்ளுங்கள்.

அலுவலகம். படிக்கப் போகிறேன் என்பதை மேனேஜரிடம் எப்போது சொல்வது? சிபாரிசுக் கடிதம் அவரிடம் வேண்டுமென்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்ரைசல் முடிந்து கடிதம் கைக்கு வந்த பிறகு சொல்வது உலக வழக்கம். "சார், அடுத்த வருஷம் ஃபாலுக்கு அப்ளை பண்ணப்போறேன், இன்னும் உறுதியாகல. கிடைச்சா முன்னாடியே சொல்றேன்" என்ற அளவு போதும். முடிந்தால் பழைய டீம் லீடரிடம் கடிதம் வாங்குங்கள். அவருக்கு உங்களை பெஞ்சில் போடும் அதிகாரம் இல்லை. பயிற்சி பாண்ட் ஏதாவது கையெழுத்துப் போட்டிருந்தால் இப்போதே எடுத்துப் படியுங்கள். அமெரிக்க கிளையன்ட் அழைப்பில் தேர்தல் பற்றி அரட்டை கிளம்பினால் கேட்டுக்கொண்டிருங்கள், கட்சி சேராதீர்கள். எதிர்முனையில் இருப்பவர் எந்த மாநிலம், எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியாது, நாளை அதே மனிதரிடம் இன்டர்ன்ஷிப் கேட்க வேண்டி வரலாம்.

மாற்று வழியையும் கூடவே நடத்துங்கள். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, படித்து முடித்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். ஆனால் அங்கே வேலைக்குப் பெரும்பாலும் ஜெர்மன் மொழி வேண்டும், அதைச் சொல்லாமல் விடும் கன்சல்டன்சியை நம்பாதீர்கள். வேலையை விடாமல் படிக்க ஐஐடி மெட்ராஸில் பணியில் இருப்பவர்களுக்கான ஆன்லைன் எம்.டெக். இருக்கிறது. கேட் எழுதிவிட்டு முழுநேர எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, கடனே வேண்டாம்.

பேப்பர் போடுவது கடைசி வேலை. நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் கணக்கு இடிக்கும்: ஆகஸ்டில் வகுப்பு, மே மாதத்தில் ராஜினாமா, ஆனால் விசா நேர்காணல் ஜூனில். 2025இல் மே கடைசியிலிருந்து மூன்று வாரம் புது நேர்காணல் தேதிகளே கொடுக்கப்படவில்லை. அதனால் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவம் வந்த உடனே நேர்காணல் தேதி பிடியுங்கள், நோட்டீஸைப் பணம் கட்டிக் குறைக்க முடியுமா என்று எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். சேரும் தேதியை அடுத்த ஸ்பிரிங்குக்குத் தள்ளிவைக்க அனுமதி உண்டா என்று பல்கலைக்கழகத்திடமும் கேளுங்கள். பாஸ்போர்ட்டில் விசா குத்தி கைக்கு வந்த பிறகு ராஜினாமா மெயில் அனுப்பலாம்.